அடிக்கட்டை சொல்லும் சரித்திரம்



மரம் வெட்ட ஆள் கூப்பிட்டுப் பாருங்கள். வந்தவர் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பலகைக்கு ஆகும், விறகுக்கு ஆகும் என்று தெரிந்தால் அவரே உங்களுக்குப் பணம் தருவார். 'அப்படியே தூரையும் எடுத்துக் கொடுத்துடுங்க' என்று சொன்னீர்களோ, பேச்சு மாறிவிடும். 'அதுக்குக் கூலி தனிங்க' என்பார். அவர் மேல் தப்பில்லை. மேலே நிற்கிற மரம் பொழுது சாய்வதற்குள் துண்டு துண்டாகி வண்டி ஏறிவிடும். தரைக்குக் கீழே இருக்கிற தூருக்கு இரண்டு ஆள் சேர்ந்து கடப்பாரை பிடித்தாலும் நாள் கணக்கில் ஆகும். எடுத்தபிறகு அதை வாங்கவும் ஆள் இல்லை.

ஆகவே நம்மில் பலர் கட்டையை அப்படியே விட்டுவிடுகிறோம். 'தானா மக்கிப் போகும்' என்று ஒரு சமாதானம். மக்கும், வாஸ்தவம்தான். ஆனால் மக்குகிற காலத்தில் அந்தக் கட்டைக்குள் என்ன நடக்கிறது என்பதை மனுஷர்கள் கண்டுபிடிக்க வெகுகாலம் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் தூர தேசத்திலிருந்து ஆரம்பித்து நம் தஞ்சாவூருக்கு வந்து சேருவோம்.

வட அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பிய விவசாயிகள் காட்டைக் கழனியாக்கிய காலத்தில், தூர் எடுக்கிற வேலையைப் பல வருஷம் தள்ளிப் போட்டார்கள். கோடாலியால் மரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாகச் செதுக்கிவிடுவார்கள். மரம் நின்றபடியே பட்டுப்போகும். இலை கொட்டிவிட்டால் வெயில் தரைக்கு வரும். அந்த மொட்டை மரங்களுக்கு நடுவிலேயே மக்காச்சோளம் ஊன்றுவார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக வெட்டி, கட்டை உளுத்தபிறகு மாட்டைப் பூட்டி இழுத்துப் போடுவார்கள். அவசரமே இல்லை. ஊர் உண்டாகிற இடத்திலும் இதே கதைதான். ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரம் 1850ஐ ஒட்டிய வருஷங்களில் வேகமாக வளர்ந்தது. மரத்தை வெட்டித் தெரு போட்டார்கள். கட்டைகளை எடுக்க நேரமில்லை. இருட்டில் ஜனங்கள் இடறி விழாமல் இருக்கக் கட்டைகளுக்கு வெள்ளை அடித்து வைத்தார்களாம். 'கட்டையூர்' என்ற பொருளில் அந்த நகரத்துக்கு ஏற்பட்ட பட்டப்பெயர் இன்னும் போகவில்லை.

வடக்கே மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா மாநிலங்களில் இந்தப் பொறுமை செல்லுபடியாகவில்லை. அங்கே வெள்ளைப் பைன் காடு. பிசின் ஊறின கட்டை. ஒரு தலைமுறை போனாலும் அது உளுத்துப் போகாது. மரக் கம்பெனிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அந்தக் காட்டை வெட்டித் தீர்த்தன. கட்டை நிற்கிற வெற்று நிலத்தை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? 'நல்ல விவசாய நிலம், சல்லிசான விலை' என்று விளம்பரம் செய்து, ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கிய ஏழைக் குடும்பங்களுக்கு விற்றது. வாங்கினவருக்கு நிலத்தில் பாதி கட்டை. ஏர் ஓட்ட முடியாது. குதிரையைச் செக்கு மாதிரிச் சுற்றவிட்டு இரும்பு வடத்தால் கட்டையை இழுக்கிற இயந்திரங்கள் வந்தன. மூன்று காலில் நிறுத்தி, திருகாணியால் நிமிர்த்துகிற இயந்திரங்களும் வந்தன. வேரும் விழுதுமாக வெளியே வந்த கட்டைகளை என்ன செய்வதென்று தெரியாமல், வரப்பு ஓரமாகச் சாய்த்து அடுக்கி வேலியாக்கினார்கள். ஆடு மாடு புக முடியாத வேலி, அதையும் சொல்லத்தான் வேணும்.

1867ல் ஆல்பிரட் நோபல் டைனமைட்டுக்கு உரிமை பெற்றார். அது சுரங்கத்துக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். விவசாயிக்கும் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. டூபாண்ட் கம்பெனி 1910 வாக்கில், டைனமைட்டை வைத்து விவசாயம் செய்வது எப்படி என்று கையேடே போட்டது. கட்டை எடுக்க, பாறை உடைக்க, பழமரக் கன்றுக்குக் குழி எடுக்க, எல்லாவற்றுக்கும் அதுவே கைகண்ட மருந்து என்று எழுதியது. கிராமத்துக் கடைகளில் உப்பு, புளி விற்கிற மாதிரி வெடிமருந்து விற்றார்கள். வேளாண்மைக் கல்லூரிகள் கட்டை வெடிக்கச் செயல்விளக்கம் நடத்தின.

முதல் உலக யுத்தம் 1918 நவம்பரில் முடிந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் கையில் மலை மலையாக வெடிமருந்து மிச்சம். இதை என்ன செய்வது என்று யோசித்து, கட்டை எடுக்கிற விவசாயிகளுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். துப்பாக்கி மருந்தைப் பக்குவம் மாற்றி 'பைரோடால்' என்ற பெயரில் குழாய்களில் அடைத்துக் கொடுத்தார்கள். மருந்து இனாம் மாதிரிதான். அடைக்கிற கூலியும் ரயில் சத்தமும் மட்டும் விவசாயி கட்டணும். கையிருப்பு தீர்ந்து, 1928 வாக்கில் இது நின்றுபோயிற்று.

நிற்பதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. மிச்சிகனில் பாத் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு விவசாயி. பள்ளிக்கூட நிர்வாகக் குழுவுக்கு அவரே பொருளாளர். பள்ளிக்கூடத்துக்காகப் போட்ட வரியின் மேல் அவருக்கு ஆத்திரம். கட்டை எடுக்க என்று வாங்கிய பைரோடாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு அடியில் வைத்தார். 1927 மே 18ஆம் தேதி காலை அது வெடித்தது. 38 குழந்தைகள் செத்துப்போனார்கள். கட்டடத்தின் இன்னொரு பக்கத்தில் வெடிக்காமல் கிடந்த சுமார் 500 பவுண்டு மருந்தைப் பிறகு எடுத்தார்கள். அவ்வளவு மருந்து வாங்கினபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கட்டை எடுக்கிற விவசாயியிடம் யார் கேட்பார்கள்?

சரி, இத்தனை பாடுபட்டுக் கட்டை எடுத்த நிலம் என்னவாயிற்று? அதில் பெரும்பகுதி மணல் பூமி. குளிரும் அதிகம், வெள்ளாமைக் காலமோ குறைவு. பைன் அங்கே செழித்தது என்றால், பைனுக்கு அந்த மண் போதும் என்று அர்த்தம். கோதுமைக்குப் போதாது. 1920களில் விளைபொருள் விலை விழுந்தது. வரி கட்ட முடியாமல் குடும்பம் குடும்பமாக நிலத்தை விட்டுப் போனார்கள். கடைசியில் விஸ்கான்சினில் ஒனைடா என்ற கவுண்டி 1933ல் ஒரு சட்டம் போட்டது: இன்னின்ன நிலத்தில் இனி விவசாயம் கூடாது, அது காட்டுக்கு என்று. கிராமப்புற நிலத்தை அப்படி வகைப்படுத்திச் சட்டம் போட்டது அந்த நாட்டில் அதுதான் முதல் தடவை. கட்டை எடுத்த இடத்திலேயே திரும்ப மரக்கன்று நட்டார்கள். என்னைக் கேட்டால், கட்டை எடுக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் முதலில் மண்ணைப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கணும்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் கட்டை ஓர் இடைஞ்சல் என்ற கணக்கில். ஏருக்கு இடைஞ்சல், காலுக்கு இடைஞ்சல். கட்டை ஒரு நோய்வீடு என்பது தெரிந்தது வேறொரு மலையில். அங்கே நம் ஜனங்கள் இருந்தார்கள்.

இலங்கை மலைநாட்டில் 1830களிலிருந்து காப்பித் தோட்டங்கள் பெருகின. காட்டை வெட்டுவார்கள், காய்ந்ததும் தீ வைப்பார்கள், எரியாமல் நின்ற தூர்களுக்கு நடுவே குழி எடுத்துக் காப்பி நடுவார்கள். தோட்ட வேலைக்குத் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் மூலம் தமிழர்கள் போனார்கள். 1869ல் காப்பி இலையில் துரு நோய் தெரிந்தது. இருபது வருஷத்துக்குள் காப்பி போய்விட்டது. அதே மலையில் தேயிலை வந்தது. அடியிலிருந்த பழைய வேர்கள் எங்கும் போகவில்லை.

தேயிலைக்குக் காற்றுத் தடுப்பாகவும் நிழலாகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரத்தை நட்டார்கள். அது வளர்ந்தபிறகு, நிழல் அதிகம் என்றோ விறகு வேணும் என்றோ வெட்டினார்கள். தூரை விட்டுவிட்டார்கள். மூன்று நாலு வருஷம் ஒன்றும் தெரியாது. அப்புறம் அந்தத் தூரை ஒட்டிய தேயிலைச் செடி ஒன்று, திடீரென்று இலை பழுத்து நின்றபடியே சாகும். அடுத்து அதன் பக்கத்துச் செடி. வட்டம் விரிந்துகொண்டே போகும்.

பேராதனையில் 1905 முதல் அரசாங்கப் பூஞ்சை நூலறிஞராக இருந்தவர் டாம் பெட்ச். அவர் செத்த செடிகளை மட்டும் பார்க்கவில்லை. வேரைத் தொடர்ந்து தோண்டிக்கொண்டே போனார். போன இடத்தில் ஒரு பழைய கட்டை இருந்தது. வெட்டின கட்டையில் பூஞ்சை இறங்குகிறது. கட்டையின் வேர் வழியே மண்ணுக்குள் நடக்கிறது. எந்த இடத்தில் தேயிலை வேர் அதைத் தொடுகிறதோ அங்கே தாவுகிறது. சில்வர் ஓக் கட்டையிலிருந்து வரும் நோய் ஒன்றுக்குக் 'கரிக்கட்டை அழுகல்' என்றே பெயர் ஏற்பட்டது. நோய் முற்றின கட்டையின் மேல் கரி படிந்த மாதிரிப் பொருக்குத் தட்டும். சிவப்பு வேர் நோய், பழுப்பு வேர் நோய் என்று இன்னும் உண்டு. பழுப்பு வேர் நோயில் மண்ணும் கல்லும் வேரோடு சிமெண்டு வைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விட்டுக் கழுவினாலும் போகாது. பெட்ச் இதையெல்லாம் தேயிலை நோய்களைப் பற்றி 1923ல் வெளியிட்ட தம் புத்தகத்தில் எழுதினார்.

மருந்து என்ன? மண்வெட்டிதான். செத்த செடியையும் அதைச் சுற்றி நல்லது போலத் தெரிகிற செடிகளையும் தோண்டி எடுக்கணும். சுற்றி ஆழமாகக் காண் வெட்டணும். பென்சில் பருமன் உள்ள வேர்த்துண்டுகூட மண்ணில் தங்காமல் பொறுக்கி, அங்கேயே எரிக்கணும். செங்குத்தான மலைச் சரிவில், மழையில், அட்டைக்கடியில் இந்த வேலையைச் செய்தவர்கள் தோட்டத் தொழிலாளிகள். தேயிலையின் சரித்திரம் எழுதுகிறவர்கள் கொழுந்து பறிப்பதைப் பற்றி எழுதுகிறார்கள். வேர் பொறுக்கியதைப் பற்றி அவ்வளவாக எழுதக் காணோம்.

வெட்டிவிட்டுப் பிறகு தோண்டுவதைவிட, வெட்டுவதற்கு முன்னாலேயே ஏதாவது செய்ய முடியாதா? இதற்கு வழி சொன்னவர் ஆப்பிரிக்காவில் நியாசாலாந்து தேயிலைத் தோட்டங்களில் ஆராய்ச்சி செய்த லீச் என்பவர். அந்த நாடு இன்றைக்கு மலாவி. 1930களில் அவர் சொன்ன யோசனை, அமெரிக்கக் குடியானவர் வேறு காரணத்துக்காகச் செய்த அதே பட்டை வளையம்தான்! விஷயம் இதுதான். இலை தயாரிக்கிற சர்க்கரை, பட்டையின் உட்புறம் வழியாக வேருக்கு இறங்குகிறது. அங்கே மாச்சத்தாகச் சேமிப்பாகிறது. பூஞ்சைக்கு அந்த மாச்சத்துத்தான் விருந்து. பட்டையை வளையமாக எடுத்துவிட்டால் மேலேயிருந்து சாப்பாடு வராது. ஆனால் தண்ணீர் கட்டைக்குள் மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கும்; மரம் உடனே சாகாது. வேர் உயிரோடு இருப்பதற்காகத் தன் சேமிப்பையே தின்று தீர்க்கும். தீர்ந்தபிறகு மரத்தை வெட்டினால், தூரில் பூஞ்சைக்கு மிஞ்சுவது காலிப் பானை. வேரை நறுக்கி ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்த்தால் தெரியும். மாச்சத்து இருந்தால் நீலமாகும். தேயிலைத் தோட்டங்களில் நிழல் மரத்தை வெட்டுமுன் வளையம் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

இங்கிலாந்தில் ஜான் ரிஷ்பெத் இன்னொரு வேடிக்கை செய்தார். தெட்ஃபோர்டு என்ற இடத்துப் பைன் காட்டில், இன்றைக்கு வெட்டின கட்டையின் முகத்தில் காற்றில் வருகிற வித்து விழுந்து, வேர் வழியே பக்கத்து மரத்துக்குப் போவதைக் கண்டார். முதலில் கட்டையின் முகத்துக்கு மருந்து பூசினார்கள். பிறகு 1960களில் அவர், தீங்கில்லாத வேறொரு பூஞ்சையைக் கட்டையின் மேல் முந்திக்கொண்டு தடவிவிடும் முறையைக் கொண்டுவந்தார். காலி வீட்டில் திருடன் புகுமுன் நல்ல குடித்தனக்காரரை வைப்பது போல.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1952ல் தஞ்சை மாவட்டத்தைப் புயல் அடித்தது. அதற்குப் பிறகு தென்னையில் ஒரு வாடல் கண்டார்கள். அடிமரத்தில் பழுப்பாகச் சாறு வடியும், அடிமட்டைகள் தொங்கும், கொண்டை மெலியும், மரம் சாகும். செத்த மரத்தின் தூரில் பளபளவென்று காளான் பூக்கும். கானோடெர்மா என்ற அந்தப் பூஞ்சையின் நோய்க்குத் 'தஞ்சாவூர் வாடல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதுவும் வேரோடு வேராகப் பரவுகிற நோய்தான். அதனால்தான் நோய் கண்ட மரத்தைத் தூரோடு எடுத்து எரிக்கச் சொல்கிறோம். பக்கத்து மரங்களுக்கு வருஷத்துக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு வைக்கச் சொல்கிறோம்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் அப்படியே படுத்துவிட்டன. அப்போது அரசாங்கம் அறிவித்த நிவாரணத்தில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. விழுந்த மரத்துக்கு 600 ரூபாய். அதை வெட்டி அப்புறப்படுத்தத் தனியாக 500 ரூபாய். நம் விறகுக்காரர் சொன்ன 'கூலி தனிங்க' என்ற கணக்கு அங்கேயும் வந்துவிட்டது, பாருங்கள். பிள்ளை மாதிரி வளர்த்த மரம் போனதே பெரிய அடி. அதன் பிணத்தை எடுக்கவும் வழியில்லாமல் தவித்தார்கள் ஜனங்கள். எடுக்காமல் விட்டாலோ, மக்குகிற தென்னங்கட்டைதான் காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ வீடு. அங்கே பொரிக்கிற வண்டு, தப்பிப் பிழைத்த தென்னையின் குருத்தையும், புதிதாக வைத்த கன்றையும் தேடிப் போகும்.

(சீமைக் கருவேலின் தூர் வேறு ரகம். அது சாகிற கட்டை இல்லை, வெட்டினால் துளிர்க்கிற கட்டை. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.)

இனி வீட்டுப் புல்தரைக்கு வருவோம். வீட்டு வாசலில் நிற்கும் கட்டையை எடுக்கப் பல்சக்கர இயந்திரம் வந்தது 1950களின் பிற்பகுதியில். அயோவா மாநிலத்தின் வெர்மீர் கம்பெனி அதைச் செய்தது. அந்தச் சமயத்தில் அமெரிக்க நகரங்களின் தெருவெல்லாம் நிழல் கொடுத்த எல்ம் மரங்கள் ஒரு பூஞ்சை நோயால் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தன, கட்டைகளுக்குப் பஞ்சமில்லை. இயந்திரம் கட்டையைத் தரைக்குக் கீழே ஒரு முழம்வரை தூளாகச் சீவிவிடும். பார்வைக்குச் சுத்தம். ஆனால் வேர் உள்ளேதான் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. மேலே புல் வைத்தால் இரண்டு தொல்லை வரும். தூள் மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், புல் மஞ்சளடிக்கும். ஆகவே தூளை அள்ளிவிட்டு நல்ல மண் போடணும். வேர் உளுக்க உளுக்கத் தரை இறங்கும். வருஷா வருஷம் கொஞ்சம் மண் இட்டுக்கொண்டே வரணும்.

ஆள் வைத்து எடுப்பதானால் ஒன்று சொல்கிறேன். மரத்தைத் தரையோடு தரையாக வெட்டாதீர்கள். பெரும்பாலோர் இதைத்தான் செய்கிறார்கள். ஆள் உயரம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். அந்தத் தண்டுதான் உங்களுக்கு நெம்புகோல். சுற்றிலும் மண்ணைப் பறித்து, பக்க வேர்களை வெட்டிவிட்டு, தண்டின் உச்சியில் கயிறு கட்டி இழுத்தால் தூர் தானாகப் பெயர்ந்து வரும். தரையோடு வெட்டின கட்டைக்கு அந்தப் பிடி கிடையாது. கடப்பாரை போடுமுன் தண்ணீர்க் குழாய், மின்சாரக் கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டிய மரமானால் சுவர்ப் பக்கத்து வேரை இழுக்கவே வேண்டாம், அறுத்து விடுங்கள்.

துளை போட்டு வெடியுப்பு நிரப்பி நெருப்பு வைக்கிற வழக்கம் சில ஊரில் உண்டு. வேர் வழியாக நெருப்பு மண்ணுக்குள்ளேயே நாள் கணக்கில் கனிந்துகொண்டிருக்கும். வீட்டுப் பக்கத்தில் அது வேண்டாம். கல் உப்பைக் கொட்டுவதும் வேண்டாம். அப்புறம் அந்த இடத்தில் புல்லும் முளைக்காது.

தென்னைக்கு ஆணிவேர் இல்லை. ஆகவே தூரைச் சுற்றி இரண்டு முழம் தள்ளி வட்டமாகத் தோண்டி, சல்லிவேர்களைக் கோடாலியால் வெட்டிவிட்டால் தூர் அசைந்து கொடுக்கும். வெளியே எடுத்ததை மூலையில் போட்டுவைக்கக் கூடாது. பிளந்து, வெயிலில் காயவைத்து எரித்துவிடுங்கள். எருக்குழியில் வெள்ளைப் புழு கண்டால் மெட்டாரைசியம் என்கிற பச்சைப் பூஞ்சணத்தைக் கலந்து விடலாம். காளான் பூத்த தூராக இருந்தால் குழியிலுள்ள வேர்த்துண்டுகளைப் பொறுக்கி, அதையும் சேர்த்து எரிக்கணும். அதே குழியில் உடனே தென்னங்கன்று வைக்க வேண்டாம். தண்ணீர் வசதி இருந்தால் அந்த இடத்தில் வாழையை வைத்து இரண்டு மூன்று வருஷம் வெட்டிச் சாப்பிடுங்கள். தென்னையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.